ரப்பர் குழாயின் வாயில் ஒரு போல்ட்

தம்பி,

ஒரே வீட்டில் இருக்கும் மகனுக்குக் கடிதம் எழுதுவது எனக்கே விசித்திரமாகத்தான் இருக்கிறது. நேற்று சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நீ தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாய். அதற்குப் பிறகு நாம் பேசிக்கொள்ளவில்லை. பேச்சு என்று வந்தால் நீ குரலை உயர்த்துவாய், நானும் உயர்த்துவேன், கடைசியில் சொல்ல வந்தது சொல்லாமலே நின்றுவிடும். அதனால் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை உன் பிக்கப் வண்டியின் பின்பக்கம் தார்ப்பாய் கட்டி, பெண்களும் குழந்தைகளுமாக இரண்டு வீட்டுச் சொந்தங்களையும் ஏற்றிக்கொண்டு கொல்லிமலைக்குப் போகப்போகிறாய். குலசாமி கோயிலில் உன் மகளுக்குக் காதுகுத்து. வண்டி மலை ஏறிவிடும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இறங்குமா என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

முதலில் இருந்து சொல்கிறேன். நீ அறிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் நாம் இருவரும் ஒரே விஷயத்தைத்தான் பார்த்தோமா என்று எனக்கு இப்போது நிச்சயமில்லை. லால்குடி சாலையில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு வரும்போது உன் பழைய இன்ஜின் கொதித்து நின்றது. அது நின்ற இடம் உன் மாமனார் தினமும் டீ குடிக்கும் கடைக்கு எதிரே. அவர் டம்ளரோடு எழுந்து வந்து, நாலு பேர் காதில் விழும்படி, "என்ன மாப்ள, வண்டிய நீங்க ஓட்டுறீங்களா, வண்டி உங்களை ஓட்டுதா?" என்று கேட்டதை நீ வீட்டில் சொல்லவில்லை. அவர் மகள் மீனா சொல்லித்தான் எனக்குத் தெரியும். திருவெறும்பூரில் நல்ல வேலையை விட்டுவிட்டு வண்டி வாங்கியதிலிருந்தே அவர் உன்னை இப்படித்தான் குத்திக்கொண்டிருக்கிறார். நீ சிரித்தபடி வாங்கிக்கொள்கிறாய். உனக்கு அது வலிக்கவில்லை என்று அவர் நினைக்கிறார். சின்ன வயதிலிருந்தே வலித்தால் சிரிக்கிற பிள்ளை நீ.

அந்த இன்ஜினை இனிச் சரிசெய்ய முடியாது, வேறு இன்ஜின்தான் மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் பாஸ்கர் சொன்னார். அரியமங்கலத்தில் அவருடைய பட்டறையில் வண்டியை விட்டோம். நீ நண்பனின் வண்டியை எடுத்துக்கொண்டு வாடிக்கை கெடாமல் தார் ஏற்றப் போக வேண்டியிருந்தது. "நீ சும்மா போய் உக்காந்திரும்மா. நம்ம ஆள் ஒருத்தர் பக்கத்துல இருந்தா யாரும் பார்ட்ஸ் மேல கை வைக்க மாட்டாங்க" என்றாய். இன்ஜின் பிரித்தால் வீட்டு ஆள் ஒருவர் காவல் உட்காருவது நம் ஊரில் எல்லோரும் செய்வதுதான். அதற்கு முந்தைய நாள் நீ மீனாவின் நெயில் பாலிஷ் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய் பேட்டரி, ஸ்டார்ட்டர், டைனமோ, ரேடியேட்டர் என்று ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புப் பொட்டு வைத்துவிட்டு வந்திருந்தாய். மாற்றி வேறு பழசை வைத்துவிட்டால் தெரிந்துவிடும் அல்லவா.

பாஸ்கர் பானெட்டைத் திறந்ததும் சிரித்துவிட்டார். "என்னம்மா, வண்டிக்கு வளைகாப்பா? எல்லாத்துக்கும் பொட்டு வச்சு அனுப்பியிருக்கீங்க?"

"பையன் வச்சான். கண்ணுபடாம இருக்கணும்னு" என்றேன்.

"என் கண்ணா, எங்க ஆளுங்க கண்ணா?" என்றார். கோபம் இல்லை. இந்தத் தொழிலில் அவருக்கு இது பழகிய அவமானம். பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்து நிழலில் போட்டார். "நல்லாப் பாத்துக்குங்கம்மா. ஒரு நட்டு குறைஞ்சாலும் என்னைக் கேளுங்க."

நான் பார்த்தேன். பத்திரிகையில் வேலை பார்த்த காலத்தில் எப்படிப் பார்த்தேனோ அப்படிப் பார்த்தேன். ரேடியேட்டரைக் கழற்றிச் சுவரில் சாய்த்தார்கள், பொட்டு இருந்தது. பேட்டரியை இறக்கினார்கள், பொட்டு இருந்தது. இரும்புச் சட்டத்தில் தொங்கிய செயினைக் கொக்கியில் மாட்டி இழுக்க இழுக்க, கறுத்த இன்ஜின் எண்ணெய் சொட்டிக்கொண்டு மெதுவாக மேலே எழுந்தது. அது அந்தரத்தில் ஆடியபோது கீழே நின்ற எல்லோரும் ஒதுங்கிக்கொண்டார்கள். அது தரையில் இறங்கிய பிறகு வண்டியின் முன்பக்கம் வெறும் குழியாக இருந்தது. அந்தக் குழியைச் சுற்றிக் குழாய்களும் ஒயர்களும் எதையோ தேடுவதுபோல் நீட்டிக்கொண்டிருந்தன. மாற்று இன்ஜின் லோடு ஆட்டோவில் சாக்கு சுற்றி வந்தது. அதே கம்பெனி, ஆனால் வேறு மாடல். ஒரு பக்கம் உட்காரவில்லை. ஒரு தாங்கியை வெட்டி வெல்டிங் வைத்தார்கள். அந்த மாற்று இன்ஜினில் ஏற்கெனவே ஒரு டைனமோ பொருத்தியிருந்தது.

அப்போதுதான் பாஸ்கர் உனக்கு போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. "தம்பி, பழைய இன்ஜினை எடுத்துக்கறவன் டைனமோவோட சேத்துக் கேக்குறான். புதுசுல தனியா ஒண்ணு இருக்கு. கொடுத்துடவா?" நீ பேரம் பேசும் அவசரத்தில் இருந்தாய், பின்னால் மார்க்கெட் இரைச்சல். "அதுலயே நல்லது இருக்குல்லண்ணா, பழசு எதுக்கு? கொடுத்துடுங்க" என்றாய். அது போயிற்று. நீ வைத்த பொட்டுகளில் அது ஒன்றுதான் வெளியே போனது, அதுவும் நம் சம்மதத்தோடு. அந்தப் பழைய டைனமோவின் முதுகில் ஒரு சின்ன பம்ப் இருந்தது. புதிதாக வந்த டைனமோவில் அது இல்லை.

கடைசியில் எல்லாக் குழாய்களும் அதனதன் இடத்தில் சேர்ந்தன. ஒரே ஒரு ரப்பர் குழாய் மட்டும் போக இடமில்லாமல் நின்றது. பாஸ்கர் அதைக் கையில் வைத்துச் சற்று நேரம் பார்த்தார். பிறகு தரையில் கிடந்த ஒரு போல்டை எடுத்துத் துணியால் துடைத்து, குழாயின் வாயில் செருகி, கிளிப் போட்டு இறுக்கினார். தூசி போகாமல் அடைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். இன்றுவரை என்னை உறுத்துவது அந்த நொடிதான். கேள்வி கேட்டே பிழைத்தவள் நான், அதைக் கேட்கவில்லை. ஏதாவது காணாமல் போகிறதா என்று மட்டுமே என் கண் தேடிக்கொண்டிருந்தது. அங்கே யாரும் எதையும் திருடவில்லை. சேர வேண்டிய ஒன்று சேரவில்லை, அவ்வளவுதான். அதைக் காவல் காக்க நமக்குத் தெரிந்திருக்கவில்லை.

நீ சாயங்காலம் வந்தாய். எலுமிச்சம்பழத்தை டயருக்கு அடியில் வைத்து ஸ்டார்ட் செய்தாய். கொஞ்சம் புகை கக்கிவிட்டு இன்ஜின் சீராகப் பேச ஆரம்பித்தது. உன் முகத்தை அப்படிப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. பட்டறை வாசலைத் தாண்டி ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "அண்ணே, பிரேக் கல்லு மாதிரி இருக்கே?" என்று கேட்டாய். அதற்கு பாஸ்கர் சொன்ன பதிலை நான் அப்படியே எழுதுகிறேன். "வேக்கம் பம்ப் தனியா மாட்டணும் தம்பி. சொல்லி வைக்கிறேன். அதுவரைக்கும் கொஞ்சம் அழுத்தி மிதிங்க. பழகிடும்."

பழகிடும். கல்யாணமாகிப் போகும் பெண்ணுக்கும் இதைத்தான் சொல்கிறோம், புதுச் செருப்பு கடிக்கிறவனுக்கும் இதைத்தான் சொல்கிறோம். இந்தச் சொல் வரும்போது எனக்கு வேறொரு குரல் கேட்கும். நீ பள்ளிக்கூடத்தில் படித்த நாட்களில், பச்சைமலை அடிவாரத்தில் ஒரு வேன் உருண்ட செய்திக்காகப் போயிருந்தேன். ஒரு விசேஷத்துக்குப் போய்த் திரும்பியவர்கள். சாலையில் சந்தனக் கிண்ணமும் குழந்தைகளின் செருப்புகளும் கிடந்தன. அதற்கு மேல் அந்த இடத்தைப் பற்றி எழுத மாட்டேன். டிரைவர் பிழைத்துவிட்டார். ஆஸ்பத்திரி பெஞ்சில் தலைக்கட்டோடு உட்கார்ந்திருந்தவரிடம் பிரேக் எப்படி இருந்தது என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தன் வலது காலையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "ரொம்ப நாளாவே டைட்டாத்தாம்மா இருந்துச்சு. பழகிடுச்சு."

அந்த வண்டியைச் சோதிக்க வந்த மோட்டார் வாகன இன்ஸ்பெக்டர் பொறுமையான மனிதர். பிரேக்குக்குப் பக்கத்தில் உருண்டையாக ஒரு பெட்டி இருக்கும், அதற்கு பூஸ்டர் என்று பெயர், பம்ப் ஒரு ரப்பர் குழாய் வழியாக அதிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்தால்தான் அது நம் காலோடு சேர்ந்து பிரேக்கை அழுத்தும் என்று விளக்கினார். உருண்ட வண்டி ஓடாது என்பதால் தன் ஜீப்பில் என்னை உட்கார வைத்துக் காட்டினார். "இன்ஜினை நிறுத்திட்டு நாலஞ்சு தடவை மிதிங்க. இறுகிடுச்சா? அப்படியே காலை வச்சுக்கிட்டு இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க." என் காலுக்கடியில் பெடல் தானாகக் கொஞ்சம் கீழே இறங்கியது. "அது இறங்கினா துணை இருக்குன்னு அர்த்தம். இறங்கலேன்னா நீங்க தனியாத்தான் மிதிக்கிறீங்க." துணை இல்லாவிட்டால் வண்டி நிற்கவே நிற்காதா என்று கேட்டேன். "நிக்கும்மா. ஒரு தடவை நிக்கும், பத்து தடவை நிக்கும். சமதரைல வருசக்கணக்கா ஓட்டுவாங்க. மலைல முழு லோடோட இறங்குறப்ப ஒவ்வொரு வளைவுக்கும் மிதிக்கணும். பிரேக் சூடேறச் சூடேற இன்னும் அழுத்தி மிதிக்கணும். கால் எவ்வளவு நேரம் தாங்கும்?" மறுநாள் பத்திரிகைகளில் 'கட்டுப்பாட்டை இழந்து' என்று வந்தது. எப்போதும் அப்படித்தான் வரும். அந்த இரண்டு சொற்களுக்குள் ஒருவனுடைய கால் மெல்ல மெல்லத் தளர்ந்தது யாருக்கும் தெரியாது.

இவ்வளவும் எனக்குத் தெரிந்திருந்தும், போல்டையும் பெடலையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. போன வாரம் சின்னக்கடை வீதியில் பாப்பாவுக்குக் கம்மல் வாங்க உன்னோடு வண்டியில் வந்தேனே, அப்போதுதான் சேர்ந்தது. காவிரிப் பாலத்தில் ஒரு ஆட்டோ குறுக்கே வந்தது. நீ பிரேக்கை மிதிக்கவில்லை தம்பி, அதன் மேல் ஏறி நின்றாய். உன் முதுகு சீட்டில் முட்டியது, இடுப்பு சீட்டை விட்டு எழுந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. பூக்கூடை வைத்திருந்த ஒரு பெண்மணியின் புடவைக்கு ஒரு சாண் இடைவெளியில் வண்டி நின்றது. அந்த அம்மாள் உன்னைத் திட்டிய திட்டை எழுத முடியாது. நீ என் பக்கம் திரும்பி, சிரித்துக்கொண்டு, "நின்னுச்சுல்ல?" என்றாய். உன் வலது முழங்கால் நடுங்கிக்கொண்டிருந்தது. நீ அதன் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டாய். சிரிப்பையும் கையையும் ஒன்றாகப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

மறுநாள் மதியம் நீ தூங்கும்போது சாவியை எடுத்துக்கொண்டு போய் உன் சீட்டில் உட்கார்ந்தேன். நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, பெடலை இறுகும்வரை மிதித்தேன். காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்தேன். உன் புது இன்ஜின் அழகாக ஓடியது. பெடல் இறங்கவில்லை. மூன்று முறை செய்து பார்த்தேன். ஒரு சுவரை மிதிப்பதுபோல் இருந்தது.

நேற்று உன்னிடம் இதைத்தான் சொல்ல வந்தேன். பாதி சொல்வதற்குள், "ம்மா, ஆக்சிடென்ட் நியூஸாவே எழுதி எழுதி உனக்கு எந்த வண்டியப் பாத்தாலும் கவுந்த வண்டியாவே தெரியுது" என்றாய். உன் அப்பாகூடச் சிரித்துவிட்டார். "அவன் ஓட்டுறவன், அவனுக்குத் தெரியாதா?" என்றார். பம்ப் என்ன ஆயிற்று என்று கேட்டேன். "சொல்லியிருக்கு, வரும்மா" என்றாய். எப்போது வரும் என்றதற்குத்தான் தட்டைத் தள்ளினாய்.

இன்று காலை பாஸ்கருக்கு போன் செய்தேன். நலம் விசாரித்தார், வண்டி இழுக்கிறதா என்று பெருமையாகக் கேட்டார். பம்ப் எப்போது வரும் என்றேன். அவர் குரல் தாழ்ந்தது. "அது வந்து கடையிலதாம்மா கெடக்கு. ஒரு பிராக்கெட் செஞ்சு மாட்டணும், ஒரு ராத்திரி வண்டிய விட்டாப் போதும். தம்பிதான் முகூர்த்த சீசன், லோடு இருக்குன்னு தள்ளிக்கிட்டே போறாரு. வாழைத்தார்தானே ஏத்துறாரு, சமதரைதானேன்னு நானும் விட்டுட்டேன்." ஞாயிற்றுக்கிழமை ஆட்களை ஏற்றிக்கொண்டு கொல்லிமலைக்குப் போகிறான் என்று சொன்னேன். "மலைக்கா? மலைக்கு வேணாம்மா" என்றார். "கண்டிப்பா வேணாம்மா. அந்த எழுபது வளைவையும் நான் இறங்கியிருக்கேன். நான் சொன்னேன்னு வேணும்னாலும் சொல்லுங்க."

ஆக, பம்ப் வராமல் இல்லை, நீ போகாமல் இருக்கிறாய். ஏன் என்றும் எனக்குத் தெரியும். இன்ஜின் மாற்றிய வாரத்தில் உன் மாமனார் நம் வீட்டுக்கு வந்தார். பானெட்டில் தட்டிப் பார்த்தார். "அட, இரும்புக் கடைக்குப் போக வேண்டியதுக்கு உசுரு குடுத்துட்டீங்களே மாப்ள!" என்றார். என்னைப் பார்த்து, "சம்பந்தியம்மா, காதுகுத்துக்கு வேன் எல்லாம் எதுக்கு? மாப்ள வண்டியிலயே போயிடுவோம். நம்ம சனம், நம்ம வண்டி" என்றார். கல்யாணமானதிலிருந்து அவர் உன்னைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. அந்த மனிதரிடம் போய், வண்டி மறுபடியும் பட்டறையில் நிற்கிறது என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லை. உனக்கு லோடு ஒரு சாக்கு. அவர் மறுபடியும் டம்ளரோடு எழுந்து வந்து ஏதாவது கேட்பார் என்பதுதான் உன் பயம். எழுபது வளைவுகளை விட அந்த ஒரு கேள்விக்கு நீ அதிகமாகப் பயப்படுகிறாய்.

உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. நான் பார்த்த டிரைவர்களில் ஒருவர்கூடப் பொல்லாதவர் இல்லை. எல்லோரும் யாரோ ஒருவர் முன்னால் தலைகுனியக் கூடாது என்று நினைத்தவர்கள். ஒருவர் முதலாளி முன்னால், ஒருவர் தம்பி முன்னால், ஒருவர் பெண் கொடுத்தவர் முன்னால். வண்டியில் ஏறியவர்களில் யாருக்கும் அது தெரியாது. அவர்கள் நம்பி ஏறினார்கள், பாட்டுப் பாடிக்கொண்டு போனார்கள். ஞாயிற்றுக்கிழமை உன் வண்டியில் ஏறப்போகிறவர்களுக்கும் அந்தக் குழாயைப் பற்றித் தெரியாது. தெரிந்தவர்கள் நீயும் நானும் பாஸ்கரும் மட்டும்தான்.

சாமான் ஏற்றும் வண்டியில் ஆட்களை ஏற்றுவதே தப்பு என்பது உனக்கும் தெரியும், நம் பக்கத்தில் அதை யாரும் தப்பாக நினைப்பதில்லை என்பதும் தெரியும். அதனால் அதைச் சொல்லி உன்னிடம் வாதாடப் போவதில்லை. நான் கேட்பது இது: இன்று வண்டியை அரியமங்கலத்தில் விடு. பம்ப் மாட்டிய பிறகும் அது வாழைத்தார் ஏற்றட்டும். மலைக்கு வேன் பேசுவோம். உன் மாமனாரிடம் நீயே சொல். ஒரு நாள் சிரிப்பார், ஒரு வருஷம் சொல்லிக் காட்டுவார். காட்டட்டும்.

ஒருவரைப் பற்றிச் செய்தி எழுதும்போது, அச்சுக்குப் போகுமுன் அவரிடம் கேட்டு அவர் தரப்பையும் வாங்க வேண்டும் என்பது என் தொழிலின் வழக்கம். நாளும் நேரமும் கொடுத்துத்தான் கேட்போம். இந்தக் கடிதம் அதற்குத்தான். சனிக்கிழமை பொழுது சாயும்வரை நான் இனி யாரிடமும் இதைப் பற்றிப் பேச மாட்டேன். அதற்குள் நீ சொல்லாவிட்டால், ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியின் பின்கதவு அருகே நான் நிற்பேன். கத்த மாட்டேன், அழ மாட்டேன். ஏற வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரே வாக்கியத்தைச் சொல்வேன்: இந்த வண்டியின் பிரேக்கில் இருக்க வேண்டிய பம்ப் இல்லை, அது என் மகனுக்குத் தெரியும். அதற்கு மேல் ஏறுவதும் ஏறாததும் அவர்கள் இஷ்டம். பாப்பாவை மட்டும் யார் கையிலும் கொடுக்க மாட்டேன்.

அப்படி நடந்தால் நீ என்னை மன்னிக்க மாட்டாய் என்று தெரியும். அதற்குத் தயாராகத்தான் இதை எழுதி, உறையை ஒட்டாமல், உன் ஸ்டியரிங் மேல் வைக்கிறேன். உன் கையால் பிரித்தாலும் வேறு யார் பிரித்தாலும் எனக்குச் சம்மதமே. ஆனால் யாரிடம் சொல்வதானாலும் முதலில் மீனாவிடம் சொல். அவள் அடுத்த அறையில் பாப்பாவின் பாவாடைக்கு ஜரிகை வைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறாள். தடுப்பூசிக்கும் கோயிலுக்கும் கடைக்கும் அந்த வண்டியில்தான் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உன் பக்கத்தில் உட்கார்ந்து போய் வருகிறாள். நீ சொல்லி முடித்ததும் அவள் கோபப்பட மாட்டாள், அது அவள் சுபாவம் இல்லை. ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "உங்களுக்கு எவ்வளவு நாளாத் தெரியும்?" என்று கேட்பாள். அவள் கேட்கும்போது சிரித்துவிடாதே.

அம்மா